கோப்பையின் அடிவளையம்: ஐந்து பொருள்களைக் கேமராவிலும் ஏஐயிலும் படமாக்கிப் பார்த்தேன்

அக்காவும் அவருடைய தோழிகள் இருவரும் கையால் செய்த பொருள்களை இணையக் கடையில் விற்கிறார்கள். ஒருவர் தோல் வேலை செய்கிறார், இன்னொருவர் பீங்கான் வனைகிறார், அக்கா கம்பளி பின்னுகிறார். படம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொரு புதிய தொகுதிக்கும் மேசையை நகர்த்தி, விளக்குகளை நிறுத்தி, ஒரு முழு நாளைச் செலவிடுவேன். இந்த முறை தோல் வேலை செய்பவர் கேட்டார்: "இவ்வளவு பாடு எதற்கு? ஒரு படத்தைக் கொடுத்தால் மற்றதையெல்லாம் ஏஐ வரைந்து தருகிறதாமே?"

நியாயமான கேள்வி. வாயால் பதில் சொல்வதைவிடச் செய்து பார்த்துவிடலாம் என்று ஐந்து பொருள்களை எடுத்துக்கொண்டேன். தோல் பணப்பை, மெருகிட்ட பீங்கான் கோப்பை, மயில்கழுத்து நிறத்தில் கம்பளிக் கழுத்துத்துண்டு ஆகிய மூன்றும் இவர்களுடையவை. சிட்டை ஒட்டிய கண்ணாடி வாசனைக் குப்பியும் வெள்ளிக் காதணியும் இவர்களோடு சேர்ந்து விற்கும் வேறு இருவருடையவை. ஒவ்வொன்றையும் இரண்டு வழியிலும் படமாக்கி, நடந்ததை அவ்வப்போது குறிப்பேட்டில் எழுதினேன். எனக்கு நானே விதித்துக்கொண்ட கட்டுப்பாடு ஒன்றுதான். படம் எந்த வழியில் வந்திருந்தாலும், பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில், அளவுகோலும் பூதக்கண்ணாடியுமாக அதனோடு ஒப்பிட வேண்டும். அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், இந்தப் பொருள்தானா என்று பார்க்க வேண்டும்.

முதல் இரண்டு நாட்கள்: கேமரா

ஜன்னல் திரையை இழுத்து மூடுவதில் தொடங்கினேன். மேகத்துக்கு மேகம் மாறும் பகல் வெளிச்சம் விளக்கோடு கலந்தால் பொருளின் ஒரு பக்கத்தில் ஒரு நிறமும் மறுபக்கத்தில் வேறொரு நிறமும் ஏறிவிடும். பிறகு மென்பொருளில் அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. பகலொளி நிறத்தில், அதாவது 5600 கெல்வினில் எரியும் எல்இடி பலகைகள் இரண்டு, அவற்றின் முன்னால் ஒளியை மிருதுவாக்கும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸ். சுவரிலிருந்து மேசைவரை மடிப்பு விழாமல் வளைத்துவிட்ட வெள்ளைத் தாள். முக்காலியில் கேமரா, 60 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ், ஐஎஸ்ஓ 100, துளையளவு எஃப்/11, ஷட்டர் 1/15 நொடி. விரல் பட்டு ஆடாமலிருக்க 2 நொடி டைமர். ஒவ்வொரு பொருளுக்கும் முதல் படம் 18 சதவீதச் சாம்பல் அட்டையுடனும் 24 கட்ட வண்ண அட்டையுடனும் எடுத்தேன். அந்த 24 கட்ட அட்டை 1976இல் அறிமுகமானது. இன்றும் நிறத்துக்கு நான் முதலில் கேட்கும் சாட்சி அதுதான்.

வெள்ளைப் பின்னணியில் பலரும் செய்யும் தவறை நானும் முன்பு செய்திருக்கிறேன். அமேசான் போன்ற தளங்களில் முதன்மைப் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாக, அதாவது ஆர்ஜிபி அளவில் 255, 255, 255 ஆக இருக்க வேண்டும். பொருள் சட்டகத்தில் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும். அந்த 255ஐ எட்டுவதற்காகப் பின்னணியில் ஒளியைக் கொட்டினால், அது திரும்பி வந்து பொருளின் விளிம்பைத் தின்றுவிடும். பொருளைவிடப் பின்னணி ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, பிரகாசமாக இருந்தால் போதும். பொருளையும் பின்னணியையும் கூடியவரை தள்ளித் தள்ளி வைத்தால் விளிம்பு கூர்மையாக நிற்கும்.

பணப்பை எளிதாக முடிந்தது. ஒரு விளக்கைத் தாழ இறக்கி இடப்பக்கத்திலிருந்து பக்கவாட்டாக அடித்தேன். தோலின் மேடுபள்ளமும் ஒவ்வொரு தையலின் சிறு நிழலும் எழுந்து வந்தன. எங்கள் பணப்பையில் தையல்கள் ஒரே பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கும். ஒரு நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராக இழுத்துத் தைக்கும் கைத்தையலின் சாய்வு அது. விவரம் தெரிந்து வாங்குபவர் படத்தைப் பெரிதாக்கி முதலில் அதைத்தான் பார்க்கிறார்.

கண்ணாடிக் குப்பிக்கு முன்னாலிருந்து ஒளி அடிக்கவே கூடாது. பின்னாலுள்ள வெள்ளைத் தாளை மட்டும் ஒளிரவிட்டு, குப்பியின் இரு பக்கமும் சட்டகத்துக்கு வெளியே கறுப்பு அட்டைகளை நிறுத்தினேன். அந்தக் கறுப்பு, கண்ணாடியின் ஓரத்தில் வளைந்து வந்து கோடாக விழுகிறது. அந்தக் கோடு இல்லாவிட்டால் குப்பி வெள்ளையில் கரைந்துவிடும். சிட்டைக்கு மட்டும் முன்புறம் ஒரு சிறிய வெள்ளை அட்டையைப் பிடித்து ஒளியைத் திருப்பிவிட்டேன்.

வெள்ளிக் காதணி அரை நாளை எடுத்துக்கொண்டது. லென்ஸின் முன்னால் மாட்டும் போலரைசர் என்ற வடிகட்டி, கண்ணாடியிலும் மெருகிலும் பளபளப்பைக் குறைக்கும். வெறும் உலோகத்தில் அது உதவாது. வெள்ளி தன்னைச் சுற்றி இருப்பதையே காட்டும். கேமராவையும், என் சட்டையையும், அறையின் கதவையும் காட்டியது. டிரேசிங் பேப்பரால் சிறு கூடாரம் கட்டி, லென்ஸுக்கு மட்டும் துளை விட்டேன். எல்லாம் வெள்ளையானதும் காதணி பிளாஸ்டிக் போலத் தட்டையாகிவிட்டது. கூடாரத்தின் உட்புறம் விரல் அகலக் கறுப்புத் தாள் ஒன்றை ஒட்டிய பிறகே உலோகத்தின் வளைவு திரும்பியது. அவ்வளவு அருகில் கூர்மையாகத் தெரியும் ஆழம் மிகவும் குறைவு என்பதால், குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி 14 படங்கள் எடுத்து ஒன்றாக இணைத்தேன்.

கழுத்துத்துண்டில்தான் மாட்டிக்கொண்டேன். கையில் இருப்பது மயில்கழுத்து நிறம். திரையில் வருவது சாம்பல் பூத்த நீலம். வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி கேமராவைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸைச் சாம்பல் அட்டையில் சரியாகவே அமைத்திருந்தேன். வண்ண அட்டையின் மற்றக் கட்டங்கள் ஓரளவு பொருந்தின. நீலப்பச்சைக் கட்டம் மட்டும் விலகி நின்றது. அக்கா பார்த்துவிட்டு, "போன முறை இரண்டு பேர் திருப்பி அனுப்பியது இதனால்தான்" என்றார். இரண்டும் நான் எடுத்த படத்தை நம்பி வாங்கப்பட்டவை. அது மனத்தில் தைத்தது.

இரவெல்லாம் காரணம் தேடினேன். வெள்ளை எல்இடி என்பது நீல எல்இடியின் மேல், நீல ஒளியை வாங்கி வேறு நிறங்களில் ஒளிரும் பாஸ்பர் என்ற பொடியைப் பூசியது. நீலத்தில் 450 நானோமீட்டர் அருகே ஒரு சிகரம் இருக்கும். பச்சையிலிருந்து சிவப்புவரை பாஸ்பரின் அகன்ற மேடு. இரண்டுக்கும் நடுவே 480 நானோமீட்டரை ஒட்டி ஒரு பள்ளம். மயில்கழுத்துச் சாயம் மிகுதியாகத் திருப்பி அனுப்பும் ஒளி ஏறக்குறைய அந்தப் பள்ளத்திலேயே விழுகிறது. இல்லாத ஒளியைச் சாயம் எப்படித் திருப்பி அனுப்பும்? விளக்குப் பெட்டியில், நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான நிறக் குறியீடு 95 என்று போட்டிருந்தது பொய்யில்லை. அந்த எண் வெளிறிய எட்டு மாதிரி நிறங்களின் சராசரி மட்டுமே. அடர்ந்த நீலப்பச்சை அந்த எட்டில் இல்லை.

மறுநாள் ஒரு நண்பரிடம் செனான் ஃபிளாஷ் இரவல் வாங்கி வந்தேன். அதன் ஒளி பகலொளி போலப் பள்ளமில்லாமல் தொடர்ந்து பரவியது. வெள்ளை அட்டையில் பட்டுத் திரும்பும்படி அடித்தேன். முதல் படத்திலேயே நிறம் வந்துவிட்டது. முழுவதும் அல்ல. இணையப் படங்களுக்குரிய எஸ்ஆர்ஜிபி நிறவெளி, அதாவது அவை காட்டக்கூடிய நிறங்களின் வரம்பு, நீலப்பச்சைப் பகுதியில் குறுகியது. அந்தக் கடைசி அடர்த்தி அதற்குள் அடங்காது. அதனால் விற்பனைக் குறிப்பில் "திரையில் தெரிவதைவிட நேரில் சற்று அடர்த்தியாக இருக்கும்" என்று எழுதச் சொன்னேன்.

அடுத்த மூன்று நாட்கள்: ஏஐ

சொல்லால் மட்டும் கட்டளை கொடுத்து வரையச் சொன்னதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. "பழுப்புத் தோல் பணப்பை, கைத்தையல், வெள்ளைப் பின்னணி" என்றால் அழகான ஒரு பணப்பை வருகிறது. உலகத்தில் எங்கும் இல்லாத பணப்பை. விற்பதற்கு நம்மிடம் அது கிடையாது என்பதால் அரை மணி நேரத்தில் அந்த வழியை மூடினேன்.

அடுத்து, என் படத்தையே கொடுத்து "இதே பொருளை மரமேசையில், காலை வெளிச்சத்தில் காட்டு" என்று கேட்கும் வழி. பெரும்பாலானோர் ஏஐ படம் என்று சொல்வது இதைத்தான். முதல் பார்வையில் மலைத்துப்போனேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எனக்கு அரை நாள் ஆகும் காட்சி, மூச்சு விடும் நேரத்தில் வந்து நின்றது. ஒளி மிருதுவாக இருந்தது. பின்னணி மங்கலாக, எடுப்பாக இருந்தது. தோல் வேலை செய்பவர் கைதட்டினார்.

பிறகு பூதக்கண்ணாடியை எடுத்தேன்.

பணப்பையின் மேல் ஓரத்தில் 34 தையல்கள். ஏஐ தந்த மூன்று படங்களில் எண்ணியபோது 29, 31, 37. எண்ணிக்கை போகட்டும். சாய்வு போயிருந்தது. தையல்கள் நேராக, எந்திரத் தையலாகப் படுத்திருந்தன. எங்கள் பொருளின் மதிப்பே அந்தச் சாய்வில்தான் இருக்கிறது. அதைச் சொல்லிக் காட்டியதும் கைதட்டியவர் முகம் மாறிவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இத்தகைய படம் வரையும் ஏஐகளில் பல, டிஃப்யூஷன் மாதிரிகள் என்ற வகையைச் சேர்ந்தவை. அவற்றில் பல, பிக்சல்களின் மேல் நேரடியாக வேலை செய்வதில்லை. படத்தை முதலில் சுருக்கி, அந்தச் சுருக்கத்தில் வரைந்து, பிறகு விரிக்கின்றன. 2022 ஆகஸ்டில் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷனில் நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்குவார்கள்; 512 பிக்சல் சதுரப் படம் 64 சதுரமாகிவிடும். என் பணப்பையின் நீளம் 110 மில்லிமீட்டர். 1024 பிக்சல் படத்தில் 85 சதவீதத்தை நிரப்பினால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 8 பிக்சல். 3 மில்லிமீட்டர் தையல் 24 பிக்சல், அதாவது சுருக்கத்தில் மூன்றே கட்டம். 0.6 மில்லிமீட்டர் நூல் 5 பிக்சல்கூட இல்லை. ஒரு கட்டத்துக்கும் குறைவு. நூலின் சாய்வை அந்த இடத்தில் துல்லியமாகப் பிடித்து வைக்க முடியாமல், தையல் என்றால் பொதுவாக எப்படி இருக்குமோ அப்படி நிரப்பிவிடுகிறது. குப்பியின் சிட்டையிலும் இதே கதை. பெயரின் பெரிய எழுத்துகள் நன்றாகவே வந்தன. கீழே இருந்த சிறிய எழுத்துகள் தூரத்தில் எழுத்துப்போலவும் அருகில் கிறுக்கலாகவும் இருந்தன. கொள்ளளவும் சேர்மானங்களும் எழுதியிருந்த இடம் அது.

கோப்பையில் மெருகின் கரும்புள்ளிகளைச் சமமாகத் தூவியிருந்தது. உண்மைக் கோப்பையில் அவை ஒரு பக்கம் அடர்ந்து மறுபக்கம் அருகியிருக்கும். அதைக்கூட மன்னிக்கலாம். பீங்கான் வனைபவர் படத்தைக் கண்டதும் விரலால் அடியைத் தொட்டுக் காட்டினார். "அடிவளையம் எங்கே?" மெருகிட்ட பாத்திரத்தின் அடியில் மெருகு படாத ஒரு மண் வளையத்தை விட்டுவைப்பார்கள். இல்லாவிட்டால் சூளையில் மெருகு உருகித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஏஐ அடிவரை மெருகிட்டிருந்தது. "இந்தக் கோப்பையைச் சூளையிலிருந்து உடைத்துத்தான் எடுக்க வேண்டும்" என்றார் அவர்.

கழுத்துத்துண்டில் அக்காவின் கண் இன்னும் கூர்மை. அவர் பின்னியது இரண்டு கண்ணி மேலெழும்பி இரண்டு கண்ணி உள்வாங்கும் வரிப் பின்னல். திரையை வெகுநேரம் பார்த்தார். "இங்கே எட்டு வரி வருகிறது. மடிப்புக்கு அந்தப் பக்கம் ஆறுதான். கண்ணியைக் குறைத்ததற்கு அடையாளமே இல்லை. இப்படிப் பின்னவே முடியாது." சற்று நேரம் கழித்து, "நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை நான் பின்னவில்லை" என்றார்.

நிறத்தைப் பற்றியும் எழுதியாக வேண்டும். ஃபிளாஷில் எடுத்த சரியான படத்தைத்தான் கொடுத்தேன். எட்டுப் படங்கள் கேட்டேன். மூன்றில் நீலம் மிகுந்தது, இரண்டில் மரகதப் பச்சையாகிவிட்டது, மற்றவை ஏறக்குறையச் சரி. "பச்சையைச் சற்றுக் குறை" என்று திருத்தச் சொன்னபோது நிறம் குறைந்தது. கூடவே மடிப்பு மாறியது, ஓரத்துக் குஞ்சங்களின் எண்ணிக்கை மாறியது. ஏஐ ஒவ்வொரு படத்தையும் தொடங்கும் தற்செயல் எண்ணை, அதாவது தொடக்க எண்ணை, மாற்றாமல் நிறுத்தி வைத்தும் பார்த்தேன். கட்டளையில் ஒரு சொல் மாறினால் படம் முழுவதும் அசைகிறது.

அந்த இடத்தில் குறிப்பேட்டை மூடிவைத்துச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். கேமராவும் இதே துண்டின் நிறத்தைத் தவறாகத்தானே காட்டியது? காட்டியது, அதனால் இரண்டு பேரை ஏமாற்றியும் விட்டேன். ஆனாலும் அந்தத் தவறை நான் தேடிப்போய்ப் பிடிக்க முடிந்தது. 480 நானோமீட்டர்ப் பள்ளம் என்று அதற்கு ஓர் இடம் இருந்தது. விளக்கை மாற்றினேன், தவறு போயிற்று, துண்டின் மற்ற எதுவும் மாறவில்லை. இனி எந்த மயில்கழுத்துப் பொருள் வந்தாலும் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஏஐ செய்த தவறில் பிடித்துக்கொள்ள எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. இன்னொரு முறை கேட்கலாம், அவ்வளவுதான். அடுத்த படம் சரியாக வந்தாலும் ஏன் சரியாக வந்தது என்று தெரியாது. ஒவ்வொரு படத்தையும் முதலிலிருந்து, தையல் தையலாக எண்ணிச் சோதித்தாக வேண்டும்.

கணினியில் உண்டாக்கிய படம் என்பதாலேயே அதைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அறைகலன் விற்கும் ஐக்கியா நிறுவனம் 2006இலேயே பெர்டில் என்ற மர நாற்காலியைக் கேமரா இல்லாமல், முப்பரிமாண மாதிரியிலிருந்து படமாக்கித் தன் கேட்லாக்கில் சேர்த்துவிட்டது. 2014 வாக்கில் அதன் பொருட்படங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு அப்படி உருவானவை. ஆனால் அவை அளவெடுத்துக் கட்டிய மாதிரிகள். நாற்காலியின் கால் ஒரு மில்லிமீட்டர் தடித்திருந்தால், எந்த எண்ணைத் திருத்த வேண்டும் என்று அங்கே ஒருவருக்குத் தெரியும். அந்த வகையில் அவை என் கேமராவுக்குத்தான் அதிக நெருக்கம்.

பொருளைத் தொடாமல் இடத்தை மட்டும் வரைவித்தல்

மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது. பொருளைச் சுற்றி மாஸ்க் போட்டு, அதாவது மாற்றக்கூடாத பகுதியை எல்லைகட்டி மறைத்து, "இதைத் தொடாதே, சுற்றியுள்ள இடத்தை மட்டும் வரை" என்று கேட்பது.

பணப்பையில் மூன்று பாடங்கள் கிடைத்தன. முதலாவது, ஒளியின் திசை. என் விளக்கு இடப்பக்கம். ஏஐ வரைந்த ஜன்னல் வலப்பக்கம். பார்ப்பவரால் என்ன கோளாறு என்று சொல்ல முடியாது. ஏதோ ஒட்டவில்லை என்று மட்டும் தோன்றும். கட்டளையிலேயே "ஒளி இடப்பக்கத்திலிருந்து, தாழ்வாக" என்று எழுதிய பிறகு பொருந்தியது. இரண்டாவது, பொருள் தரையைத் தொடும் இடத்து நிழல். அதை ஏஐயிடம் விட்டால் பணப்பை மேசைக்கு மேல் மிதக்கிறது. அதனால் வெளிர் சாம்பல் தாளில் வைத்து மறுபடி எடுத்து, உண்மையான நிழலைத் தனி லேயராகப் பிரித்து, புதிய மேசையின் மேல், அடியிலுள்ள படத்தைக் கறுப்பாக்கும் மல்டிப்ளை முறையில் படரவிட்டேன். மூன்றாவதைத் தற்செயலாகக் கண்டேன். மாஸ்க் போட்டிருந்தும் தையலின் கூர்மை மழுங்கியிருந்தது. சுருக்கி விரிக்கும்போது தொடக்கூடாத பகுதியும் சேர்ந்தே சுருங்கி விரிகிறது. கடைசியில் என் மூலப்படத்திலிருந்து பணப்பையை வெட்டி, அதே இடத்தில் மீண்டும் ஒட்ட வேண்டும். ஒட்டியதும் 34 தையல்களும் அவற்றின் சாய்வோடு திரும்பின.

இப்படி வந்த பணப்பைப் படத்தில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. கழுத்துத்துண்டும் அப்படியே, குஞ்சங்களைச் சுற்றி மாஸ்க் வரைவதுதான் கண்ணைப் பிடுங்கியது. ஒளி ஊடுருவாத, பளபளக்காத பொருள்களுக்கு இனி மேசை, அலமாரி, ஜன்னலோரம் என்று காட்சிகளுக்காகப் பலகைகளைத் தூக்கி அலைய மாட்டேன்.

குப்பியும் காதணியும் இந்த வழிக்கு உடன்படவில்லை. கண்ணாடியை வெட்டி எடுத்தால் அதற்குள் தெரியும் என் வெள்ளைத் தாளும் கூடவே வருகிறது. சுற்றிலும் அந்தி நேரத்துத் தோட்டம், குப்பிக்குள் மட்டும் நண்பகல் வெள்ளை. உருளை வடிவக் குப்பி நிரம்பியிருந்தால், ஒரு லென்ஸைப் போலத் தன் பின்னாலிருப்பதை இடம்வலமாகத் திருப்பிக் காட்டும். குப்பியையும் சேர்த்து வரையச் சொன்னால் அந்தத் திருப்பம் நம்பும்படி வரவில்லை. காதணி தன்னைச் சுற்றி இருந்த டிரேசிங் பேப்பர் கூடாரத்தைத்தான் எங்கே போனாலும் காட்டியது. இவை இரண்டுக்கும் கேமராவைத் தவிர இப்போதைக்கு எனக்கு வேறு வழியில்லை.

அளவு பற்றி ஒரு சொல். கோப்பையைக் கையில் பிடித்திருப்பதுபோல ஏஐயில் உண்டாக்கிய படத்தில் கை அழகு, பிடி அழகு, கோப்பை மட்டும் கஞ்சிக் குவளை அளவுக்குப் பெருத்திருந்தது. வாங்குபவர் சென்டிமீட்டரைப் படிப்பதைவிடக் கையைப் பார்த்துத்தான் அளவைப் புரிந்துகொள்கிறார். ஆகவே கையோடு இருக்கும் படம் உண்மையான கையோடுதான் இருக்க வேண்டும். அக்காவின் கையையே எடுத்தேன். ஊசி குத்திய தழும்போடு.

பதிவேற்றும் முன்

ஏஐ உண்டாக்கிய படங்களில் அதைச் சொல்லும் அடையாளத்தை நீக்கக் கூடாது என்று, விற்பனையாளர்கள் தங்கள் பொருள்களைக் கூகுளில் பட்டியலிடும் மெர்ச்சன்ட் சென்டர் கேட்கிறது. ஐபிடிசி என்ற செய்தித்துறைத் தர அமைப்பு வகுத்த 'டிஜிட்டல் சோர்ஸ் டைப்' என்ற புலத்தில் அந்தத் தகவல் இருக்கும். முழுவதும் ஏஐ வரைந்த படத்துக்கு ஒரு மதிப்பு. எங்கள் பணப்பையைப்போலப் படமும் ஏஐயும் கலந்ததற்கு வேறொரு மதிப்பு. நல்ல ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கோப்பின் எடையைக் குறைக்க நான் வழக்கமாகப் பயன்படுத்தும் மென்பொருள் உள்ளிருக்கும் தகவல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் சேமிக்கிறது என்பதை இப்போதுதான் கவனித்தேன். ஏமாற்றும் எண்ணம் இல்லாமலே அடையாளத்தை அழித்திருப்பேன். அமைப்பில் ஒரு பெட்டியை மாற்றினால் போதும். இருந்தாலும் சேமித்த பின் ஒரு முறை திறந்து பார்க்கிறேன். விற்பனைக் குறிப்பிலும் "பொருள் ஒளிப்படம், பின்னணி கணினியில் உருவாக்கியது" என்று ஒரு வரி சேர்த்தோம்.

நேரக் கணக்கையும் எழுதி வைக்கிறேன். கேமராவில் ஐந்து பொருள்களுக்கும் சேர்த்து, கூடாரம் கட்டியது, ஃபிளாஷ் இரவல் வாங்கியது உட்பட 15 மணி நேரம். ஏஐயில் படங்கள் வந்து குவிந்த நேரம் ஒன்றுமே இல்லை. ஆனால் எண்ணியும் ஒப்பிட்டும் கழித்தும் மறுபடி கேட்டும் போன நேரம் 13 மணி. பணப்பைக்கு மட்டும் 62 படங்கள் வரவழைத்து ஒன்றைப் பயன்படுத்தினேன். அடுத்த தொகுதிக்கு இந்தக் கணக்கு மாறும். மாஸ்கும் நிழல் லேயரும் கைவந்துவிட்டதால் பின்னணி ஒன்றுக்கு அரை மணி நேரம் போதும் என்று நினைக்கிறேன்.

கடைசி நாள் நடந்ததை எழுதாமல் விட முடியாது. கோப்பையின் இரண்டு படங்களையும், கேமராவில் எடுத்ததையும் ஏஐ திருப்பி வரைந்ததையும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். ஏஐ படத்தில் கைப்பிடி உடலோடு சேரும் இடம் வழுவழுவென்று இருந்தது. என் படத்தில் அதே இடத்தில் மயிரிழைபோல ஒரு கோடு. மெருகின் நிழல் என்றுதான் முதலில் எண்ணினேன். கோப்பையை எடுத்து நகத்தால் வருடினேன், நகம் தட்டியது. வனைந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கைப்பிடியைப் பிடித்து விளிம்பில் விரல் கணுவால் தட்டினார். கணீரென்று ஒலிக்க வேண்டிய கோப்பை டொக்கென்றது.

"கையில் எடுத்தபோதெல்லாம் எனக்குத் தெரியவில்லையே" என்றார். கைப்பிடி ஒட்டும்போது உடல் அதிகம் உலர்ந்திருந்தால் சூளையில் இப்படி விரிசல் விடுமாம். சூடான பானத்தோடு ஒருவர் அதைத் தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை. நான் கொடுத்த படத்திலேயே அந்தக் கோடு இருந்தது. அதை வாங்கி, கோட்டை அழித்து, முழுக் கோப்பையாக வரைந்து தந்திருக்கிறது ஏஐ. அந்தப் படத்தை மட்டும் பார்த்து வேலையை முடித்திருந்தால் கோப்பை விற்பனைக்குப் போயிருக்கும்.

அவர் அதே மெருகில் வேறொன்று வனைந்திருக்கிறார். அடுத்த வாரம் சூளையிலிருந்து வெளியே வரும். மேசையைக் கலைக்காமல் வைத்திருக்கிறேன். முக்காலியின் கால்கள் நின்ற இடத்தில் தரையில் நாடா ஒட்டியிருக்கிறது. சாம்பல் அட்டையும் விளக்கின் உயரமும் குறிப்பேட்டில் உள்ளபடியே. இந்த முறை கைப்பிடி சேரும் இடத்தையும் அடிவளையத்தையும் தனித்தனியாக எடுத்து, விற்பனைப் பக்கத்தில் முதல் வரிசையிலேயே வைக்கப் போகிறோம்.